ஒரு தடவைதான் கேட்டார்கள்

வாலு 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். அழித்தாள். 'இல்லை' என்ற கட்டத்தில் போட்டாள். அதையும் அழித்தாள். ஒரு வாரமாக இதுதான் பிழைப்பு. பன்னிரண்டு பக்க விண்ணப்பத்தில் மற்றதெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. இந்த ஒரு கேள்விதான் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. 'கல்லூரியின் நிதியுதவி உங்களுக்குத் தேவையா?' பென்சிலால் போட்டுப் போட்டு அழித்ததில் அந்த இடத்தில் தாளே மெலிந்துபோயிருந்தது.

தேவையா என்றால் தேவைதான். அதில் என்ன சந்தேகம்? அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா மருந்துக்கடையில் வேலை. இரண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்து, வருடம் முழுக்கச் சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல் வைத்திருந்தாலும் அந்தக் கல்லூரியின் ஒரு வருடக் கட்டணத்தைத் தொடாது. ஆனால் கேள்விக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'நிதியுதவி கோருவோரின் விண்ணப்பங்கள் நிதி இருப்பைக் கருத்தில் கொண்டு பரிசீலிக்கப்படும்.' இதன் அர்த்தம், உதவி கேட்டால் இடம் கிடைப்பது கஷ்டம் என்பதுதான். கேட்காவிட்டால் இடம் கிடைக்கலாம், ஆனால் கட்டப் பணம் இருக்காது. நேராகச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள்தான் பொடி எழுத்தில் எழுதுகிறார்கள் என்று வாலு நினைத்தாள்.

போன வருடத்துக் கணக்கைச் சீனியர் அக்கா ஒருத்தி கொடுத்திருந்தாள். உதவி கேட்காதவர்களில் நாலு பேருக்கு ஒருவர் உள்ளே போயிருந்தார். கேட்டவர்களில் பதினைந்து பேருக்கு ஒருவர். வாலு அதை நோட்டில் எழுதி, தன் மதிப்பெண்ணை வைத்துக் கூட்டிக் கழித்து, பதினைந்தைப் பத்தாகக் குறைக்க முடியுமா என்று பார்த்தாள். முடியவில்லை. எழுந்து ஜன்னல் வரை போனாள், வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"கொஞ்சம் உக்காரேண்டி. நீ நடக்கிறதப் பாத்தா எனக்குத்தான் கால் வலிக்குது" என்றாள் அம்மா. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லைன்னு போட்டா சான்ஸ் அதிகம்மா."

"போடு. இடம் கெடைக்கும். பீஸை யாரு கட்டுறது, மருந்துக்கடை மொதலாளியா? அவரு எனக்குத் தலைவலி மாத்திரைக்கே காசு வாங்குறவரு."

"ஆம்னு போட்டா எடமே கெடைக்காம போகலாம்."

"அப்ப பக்கத்துக் காலேஜ் இருக்குல்ல? எடம் உறுதி, பாதி பீஸ் தள்ளுபடி. ரெண்டு ஸ்டாப் தூரம். சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவ."

பக்கத்துக் கல்லூரியில் எல்லாம் இருந்தது. வாலுவுக்கு வேண்டியது மட்டும் இல்லை. அவளுக்கு வேண்டியது நிலநடுக்கம். பத்து வயதில் அப்பா ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்தார். பூமி ஆடினால் லிஃப்டைத் தானாக நிறுத்துகிற கருவி, கழித்துப் போட்டது. மேசையைத் தட்டினால் அதில் சிவப்பு விளக்கு எரியும். அதை எரியவைப்பதற்காக வாலு வீட்டில் தட்டாத மேசை இல்லை, குதிக்காத இடம் இல்லை. கீழ் வீட்டுக்காரர் மூன்று தடவை வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். வாலு என்ற பேர் அப்போது வந்து ஒட்டிக்கொண்டதுதான். தரை ஏன் ஆடுகிறது என்பதைச் சொல்லிக்கொடுக்கும் துறை அந்தப் பெரிய கல்லூரியில் மட்டும்தான் இருந்தது.

"அப்பா, நீங்க சொல்லுங்க."

அப்பா வாசலில் உட்கார்ந்து ஷூவில் ஒட்டியிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "எனக்கென்னம்மா, எதுவா இருந்தாலும் பரவாயில்ல."

அதுதான் அப்பா. அவர் வாழ்க்கையில் அதிகம் சொன்ன வார்த்தை 'பரவாயில்ல'. அதற்கு அடுத்தது 'வேண்டாம்'.

அவர் வளர்ந்த வீட்டில் ஐந்து பிள்ளைகள். யார் வீட்டுக்குப் போனாலும், எது கொடுத்தாலும், முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் வேண்டாம். மூன்றாவது தடவை வற்புறுத்தினால் வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே கை நீட்டியவனுக்கு வீட்டுக்கு வந்ததும் முதுகு பழுக்கும். அந்தப் பாடம் நாற்பத்தெட்டு வயதிலும் அவர் முதுகில் பத்திரமாக இருந்தது. டீ கொடுத்தால் வேண்டாம், நாற்காலி போட்டால் பரவாயில்லை, மழையில் குடை நீட்டினால் கிட்டத்தில்தான் வீடு. மூன்றாம் தடவை கேட்கிற பொறுமை உள்ளவர்கள் இருந்தவரை அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. ஒரு தடவை அவரே பழுது பார்த்த லிஃப்டில் அவரே மாட்டிக்கொண்டார். வெளியே இருந்து கம்பெனிக்காரர்கள் "அவசரமா?" என்று கேட்டார்கள். "இல்ல இல்ல, மெதுவா வாங்க" என்றார். அவர்கள் சாப்பிட்டுவிட்டு மெதுவாகத்தான் வந்தார்கள். இரண்டரை மணி நேரம். அம்மா அதை இன்னும் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கடைசி நாளன்று வாலு பேனாவை எடுத்து 'ஆம்' கட்டத்தில் அழுத்தி டிக் போட்டாள். பொய் சொல்லி உள்ளே போய், கட்ட முடியாமல் வெளியே வருவதைவிட, உண்மையைச் சொல்லி வெளியிலேயே நின்றுவிடலாம் என்று தோன்றியது. உறையை ஒட்டித் தபாலில் போட்ட பிறகு, இல்லை என்றே போட்டிருக்கலாமோ என்று வீடு வரும்வரை புலம்பினாள்.

அதன்பிறகு இரண்டு மாதம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடினாள். கேட்காவிட்டாலும் ஓடினாள். அம்மா கொண்டுவந்த தலைவலி மாத்திரையில் பாதி அட்டை தீர்ந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. முதல் பக்கத்தின் முதல் வரியில் 'மகிழ்ச்சியுடன்' என்று இருந்தது. வாலு அதற்கு மேல் படிக்கவில்லை. கத்தினாள். அப்பாவின் பழைய பெட்டி அலமாரிக்கு மேல் இன்னமும் இருந்தது. இவள் குதித்த குதியில் அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அப்பாவுக்கு அன்று மத்தியானம்தான் வேலை. "நான் சொல்லல? நான் சொல்லல?" என்றார். அவர் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அதை யார் கேட்டார்கள்?

இரண்டாம் பக்கத்தை அம்மாதான் திருப்பினாள். படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். முகம் மாறியது.

"முழுக் கட்டணம்னு போட்டிருக்குடி."

வாலு பிடுங்கிப் பார்த்தாள். 'தங்கள் தந்தையார் தொலைபேசியில் தெரிவித்தபடி, நிதியுதவிக் கோரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது.'

இரண்டு பேரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சிரிப்பு மெல்ல நின்றது.

"போன் வந்துச்சாப்பா?"

"வந்துச்சு… ஒரு மாசம் இருக்கும். நான் லிஃப்ட் மேல நின்னுட்டு இருந்தேன். ஒரு அம்மா பேசினாங்க. ரொம்ப மரியாதையா."

"என்ன கேட்டாங்க?"

"நிதி ரொம்பக் கொறச்சலா இருக்கு, கஷ்டப்படுறவங்க நெறைய பேரு கேட்டிருக்காங்க, உங்களுக்குக் கண்டிப்பா வேணுமான்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் அம்மா. பதில் அவளுக்குத் தெரியும்.

அப்பா ஷூவைப் பார்த்தார். "பரவாயில்லம்மா, இல்லாதவங்களுக்குக் குடுங்கன்னு…"

"நாமதாங்க இல்லாதவங்க!"

"அந்தம்மா இன்னொரு தடவ கேப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார் அப்பா. "சரிங்க சார், நன்றின்னு சொல்லி வச்சுட்டாங்க. ஒரு தடவதான் கேட்டாங்க."

அம்மா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். வாலுவுக்கு வந்த கோபத்தில் வார்த்தை வரவில்லை. வந்தபோது நிற்கவில்லை. யாரும் யாரையும் ஒன்றும் கேட்காத நாட்டில் போய்ப் பிறந்திருக்கலாம் என்றாள். உங்கள் மரியாதையை நீங்களே வைத்துக்கொண்டு என் படிப்பை ஏன் தானம் பண்ணினீர்கள் என்றாள். அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு மாதமாக இதைச் சொல்லக்கூட இல்லையே என்றதற்கு, "சொல்லணும்னு தோணலம்மா, வழக்கமா சொல்றதுதானே" என்றார். அது பொய்யில்லை என்பதுதான் கொடுமை.

கோபம் அடங்கியபோது, அதற்கு அடியில் இன்னொன்று உட்கார்ந்திருந்தது. அவர் வேண்டாம் என்றதால்தான் இடம் கிடைத்ததா? பதினைந்தில் ஒன்றாக இருந்தவள் நாலில் ஒன்றாகிவிட்டதாலா? அவர் வேண்டும் என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காதோ? நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இதற்கு எந்தக் கணக்கும் இல்லை. அன்றைக்கு வாலு சாப்பிடவில்லை.

கடிதத்தின் கடைசியில் ஒரு வழி இருந்தது. உதவி பெற்றவர்களில் சிலர் வேறு கல்லூரிகளுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போகும் பணத்தை ஒரு குறிப்பிட்ட நாளில் பங்கிடுவார்கள். மதியம் இரண்டு மணி முதல், பெற்றோர் நேரில் வந்து கேட்க வேண்டும். வருகிற வரிசைப்படி. பணம் தீரும் வரை.

பக்கத்துக் கல்லூரிக்குச் சம்மதம் சொல்லக் கடைசி நேரமும் அதே நாள் மாலை ஐந்து மணி. அம்மா மருந்துக்கடையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது என்று முடிவானது. அங்கே கிடைக்காவிட்டால் வாலு கூப்பிட்டுச் சொல்வாள், அம்மா சம்மதம் என்ற பட்டனை அழுத்துவாள்.

"உங்கப்பாவ நம்பி அனுப்புறேன்" என்றாள் அம்மா. "லிஃப்ட்ல போகாதீங்க. வர்றவங்களுக்கெல்லாம் வழி விட்டுட்டு நிப்பாரு."

காலை ஏழரைக்கே கிளம்பினார்கள். பஸ்ஸில் அப்பாவுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. ஏறிய முதல் ஆளுக்கே அதைக் கொடுத்துவிட்டு நின்றார். வாலு பல்லைக் கடித்தாள். கல்லூரி மூன்றாவது மாடியில் நீளமான ஒரு நடை. அதன் கடைசியில் மூடிய கதவு, வெளியே ஒரு பெஞ்ச். அவர்கள்தான் முதல் ஆட்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா தன் பெண்ணோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளாம். அவள் போட்டிருந்த சட்டையிலேயே எழுதியிருந்தது. அந்தப் பெண் மடியில் கோப்பு ஒன்றை வைத்து அதன் நாடாவைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். வாலுவுக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு. வேறு யாரும் வரவில்லை. ஒன்றரைக்குக் கதவு திறந்து ஒரு குமாஸ்தா தலையை நீட்டினார்.

"முன்னாடியே சொல்லிடுறேன். இந்த வருஷம் ரொம்ப பேரு விட்டுட்டுப் போகல. மிச்சம் இருக்கிறது ஒண்ணரை பேரு பீஸுக்குத்தான்."

கதவு மூடியது. ஒன்றரை. பெஞ்சில் இரண்டு குடும்பம். ஆளுக்கு முக்கால் என்று வாலுவின் மூளை போட்ட கணக்கைப் போடாதே என்று அவளால் சொல்ல முடியவில்லை. முக்கால் கிடைத்தாலும் மிச்சக் கால் பங்குக்கு வழியில்லை. முக்கால் என்பது இவர்களுக்கு ஒன்றும் இல்லாத மாதிரிதான்.

வேன் ஓட்டுகிற அம்மா தொண்டையைச் செருமினாள்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. மூணரைக்கு எனக்கு ஸ்கூல் விடுற டைம். பிள்ளைங்க நின்னுட்டு இருக்கும். நாங்க மொதல்ல போயிட்டு வந்துடட்டுமா?"

வாலு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மாதிரிக் கேள்விக்கு அப்பா முடியாது என்று சொல்லி அவள் கேட்டதில்லை. சாமான் வாங்கும் வரிசையில், ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், எங்கேயும் இல்லை. அவர் வாய் திறந்தது. 'பரவாயில்லம்மா' என்பதற்கு உதடுகள் குவிந்ததை அவள் பார்த்தாள். கையை அழுத்தலாமா என்று நினைத்தாள். அழுத்தவில்லை.

"இல்லம்மா" என்றார் அப்பா.

மெதுவாகத்தான் சொன்னார். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று அந்த அம்மா நினைத்து, "அஞ்சு நிமிஷம்தாண்ணே ஆகும்" என்றாள்.

"நாங்க மொதல்ல வந்தோம்மா. நாங்களே போயிடுறோம்."

அப்பாவின் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. அந்த அம்மா தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பா என்ன செய்திருப்பாரோ, வாலுவுக்கு இன்றைக்கும் தெரியாது.

இரண்டு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் வயதான அதிகாரி ஒருவர். "உக்காருங்க" என்றார். அப்பா உட்கார்ந்தார். முதல் தடவையிலேயே உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டுமா என்றதற்கு, "குடுங்க" என்று வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தார்.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "போன்ல வேண்டாம்னு சொல்லியிருக்கீங்களே?"

"தப்பா சொல்லிட்டேன் சார்."

"தப்பான்னா?"

"எனக்குக் கேட்டுப் பழக்கமில்ல சார்." அப்பா கண்ணாடி டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். "எம் பொண்ணுக்கு வேணும்."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நல்ல மனிதர்கள் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார். "வெளியில இன்னொருத்தர் இருக்காங்க. நீங்க முக்கால் வாங்கிக்கிட்டா அவங்களுக்கும் முக்கால் குடுக்கலாம். கால் பங்கு உங்களால முடியுமா? எப்படியாவது பெரட்டிடுவீங்களா?"

எப்படியாவது புரட்டிவிடலாம் சார். அப்பா எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம் அது. வாலு தரையைப் பார்த்தாள்.

"முடியாது சார்." அப்பா தன் சம்பளத்தைச் சொன்னார். அம்மாவுடையதைச் சொன்னார். வாடகையைச் சொன்னார். அவர் வாயால் அந்தத் தொகைகளை வாலு கேட்டதே இல்லை. அவள் நினைத்திருந்ததைவிடக் குறைவாக இருந்தன. "இதுல கால் பங்குன்னா எட்டு மாசச் சம்பளம். முடியும்னு சொன்னா பொய். முழுசும் வேணும்."

அதிகாரி மூக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு எழுதினார். கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். அந்தச் சத்தத்தில் வாலுவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

"சார்" என்றாள். "அப்பா அன்னிக்கு வேண்டாம்னு சொல்லலன்னா எனக்கு எடம் கெடைச்சிருக்குமா?"

"தெரியாதும்மா" என்றார் அவர். "தெரிஞ்சவங்க யாரும் சொல்லவும் மாட்டாங்க. நல்லா படி."

வெளியே வந்தார்கள். வேன் ஓட்டுகிற அம்மா எழுந்து நின்றாள். பெண் கோப்பின் நாடாவைக் கட்டி முடித்திருந்தாள். "கெடைச்சுதாண்ணே?"

வாலு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை அந்தப் பெண்ணுக்கு எதிரில் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"கெடைச்சுதும்மா" என்றார் அப்பா. பிறகு ஒரு அடி முன்னால் போனார். "முழுசா வேணும்னு கேளுங்க. மொதத் தடவையே கேளுங்க. எப்படியாவது பெரட்டிடுறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவங்க ஒரு தடவதான் கேப்பாங்க."

அவர்கள் உள்ளே போனார்கள். கதவு மூடியது.

வாலு அம்மாவைக் கூப்பிட்டு, "அழுத்தாதம்மா" என்றாள். மறுமுனையில் அம்மா யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் சத்தம் போட்டுச் சிரிப்பது கேட்டது. போனை வைத்துவிட்டு அப்பாவுடன் நடந்தாள். நடை முடிகிற இடத்தில் நின்றாள்.

"அரைதான்பா மிச்சம் இருக்கு. முழுசா கேளுங்கன்னு ஏன் சொன்னீங்க?"

அப்பா படி அருகே நின்று அந்த மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"அரைதான் இருக்குன்னு சொன்னா, அவங்க காலு போதும்னு சொல்லிடுவாங்கம்மா" என்றார். "எனக்குத் தெரியும்."